பதக்கத்துக்கு மறுநாள்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இலக்கியக் கட்டுரைகளும், இசை, கோயில், ஊர் வரலாறுகளும் வெளிவருவது வழக்கம். இவ்வாண்டு விளையாட்டின் வரலாறு பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும் என மலர்க்குழு அன்பர்கள் கேட்டனர். கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். ஹாக்கியைப் பற்றி எழுதுவோர் அருகி வருகின்றனர். அன்றியும், நம் காலனித் திடலில் முதன்முதலாக நடப்பட்டவை ஹாக்கி கோல் கம்பங்களே என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். ஆகவே ஹாக்கியையே எடுத்துக்கொண்டேன்.

நம் நாட்டு ஹாக்கியின் வெற்றிகளைப் பட்டியலிடுவது என் நோக்கமன்று. அப்பட்டியலைப் பள்ளிச் சிறுவரும் ஒப்புவிப்பர். நான் சொல்ல விழைவது வேறு. ஒரு பெரும் போட்டியின் இறுதியாட்டம் அந்நாளில் எழுபது நிமிடங்களில் முடிந்தது. இந்நாளில் அறுபது நிமிடங்களில் முடிகிறது. ஆனால் அவ்வாட்டத்தின் வரலாறு அங்கு முடிவதில்லை. மறுநாள் காலையில் தெருவில் கூடும் இரசிகர் ஒரு தீர்ப்பு வழங்குகின்றனர். சில வாரங்கள் கழித்து, தேர்வுக் குழுவினர் அடுத்த அணியின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டு மற்றொரு தீர்ப்பு வழங்குகின்றனர். பதக்கம் ஒரு நாளின் புகழ். அதற்கு மறுநாள் வழங்கப்படும் இவ்விரு தீர்ப்புகளே ஓர் ஆட்டத்தின் எதிர்காலத்தை உருவாக்குகின்றன. இதனைச் சில இறுதியாட்டங்களைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

தோற்றவனை நம்பிய காலம்

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் வரை, நடைபெற்ற ஒலிம்பிக் ஹாக்கிப் போட்டிகள் ஆறிலும் தங்கம் இந்தியாவுக்கே கிடைத்தது. ஏழாம் முறை, 1960-ஆம் ஆண்டு உரோம் நகரில், இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் ஒரு கோல் போட்டது. இந்தியா ஒன்றும் போடவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தோல்வி என்பதையே அறியாதிருந்த இரசிகர்களுக்கு அது வீட்டில் நிகழ்ந்த துக்கம் போன்றே இருந்தது.

அந்த ஒரு கோலைத் தடுக்க இயலாமற்போன கோல் காப்பாளர் சங்கர் லட்சுமணன். மத்தியப் பிரதேசத்து மாவ் ஊரினர், இராணுவத்தில் பணிபுரிந்தவர். ஒரே கோலில் தங்கம் கைநழுவியதால், பழி முழுவதையும் கோல் காப்பாளர் தலையில் சுமத்திவிடுவது எளிது. 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் பாகிஸ்தானே வென்றது. எனினும், தேர்வுக் குழுவினர் லட்சுமணனைக் கைவிடவில்லை. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியிலும் அவரே கோல் காத்தார். அவ்வணிக்குத் தலைமை தாங்கியவர் சரண்ஜித் சிங். அவர் காயத்தின் காரணமாக உரோம் இறுதியாட்டத்தில் ஆட இயலாது வெளியே அமர்ந்திருந்தவர்.

டோக்கியோவில் மீண்டும் அதே இரு அணிகளே இறுதியில் மோதின. பெனால்டி ஸ்ட்ரோக் ஒன்றின் வாயிலாக மொகிந்தர் லால் ஒரு கோல் போட்டார். அதன்பின் பாகிஸ்தானியர் தொடுத்த தாக்குதல்கள் பல. அவை அனைத்தையும் தடுத்து நின்றவர் லட்சுமணன். உரோமில் 0-1 எனத் தோற்ற அணி டோக்கியோவில் 1-0 என வென்றது. இவ்விரு எண்களுக்கும் இடையில் நான்கு ஆண்டுகள். அந்நான்கு ஆண்டுகளிலும் ஒரு மனிதர்மீது வைத்த நம்பிக்கை குன்றவில்லை. 1966-ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் அவரே அணித் தலைவராகி, பாகிஸ்தானை வென்று, ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்தியாவுக்கு முதல் தங்கத்தைக் கொணர்ந்தார். கோல் காப்பாளர் ஒருவர் அணித் தலைவராவது அக்காலத்தில் மிக அரிது.

தோற்றபொழுது நம்பியவர்கள் வென்றபொழுது என்ன செய்தனர் என்று கேட்பீர்கள். 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்குச் சென்ற அணியில் லட்சுமணன் பெயர் இல்லை. அத்துடன் அவர் ஹாக்கியை விட்டு ஒதுங்கினார். அதே அணிக்குப் பிரிதிபால் சிங், குர்பக்ஸ் சிங் ஆகிய இருவரும் கூட்டுத் தலைவர்களாக நியமிக்கப்பட்டனர். ஒரு வண்டிக்கு இரு சாரதிகள்! முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்திடம் தோற்று, அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று, வெண்கலத்துடன் அணி திரும்பியது. ஒலிம்பிக்கில் இந்தியா இறுதியாட்டத்தை எட்டாதது அதுவே முதன்முறை. லட்சுமணன் இருந்திருந்தால் தங்கம் கிடைத்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. வென்றவரை விடைகொடுத்து அனுப்பும் முறையை நாம் அறியாதிருந்தோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அவர் 2006-ஆம் ஆண்டு தம் ஊரிலேயே மறைந்தார். இறுதிக் காலத்தில் நோயும் வறுமையும் அவரை வாட்டின.

வானொலியின் முன் ஒரு மாலை

1975-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. அப்பொழுது நான் இளைஞன். இக்காலனிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் தமிழர், வங்காளியர், பஞ்சாபியர் என நாற்பது பேர் கூடியிருந்தோம். ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வருணனையில் பாதிதான் எனக்கு விளங்கியது. விளங்காத பாதியை அவர் குரலின் ஏற்ற இறக்கமே விளக்கிற்று. அசோக்குமார் இரண்டாவது கோலைப் போட்டு, இந்தியா 2-1 என வென்றபொழுது, பெயர்கூடத் தெரியாத ஒருவர் என்னைக் கட்டித் தழுவிக்கொண்டார். அவ்வணியில் நம் தமிழகத்தைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ் இருந்தார் என்பதை அன்றிரவு தமிழ் வீடுகள் அனைத்தும் பேசி மகிழ்ந்தன.

அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. உலகக் கோப்பையை வென்ற நாடு அங்கு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தரை மாறியதற்கேற்ப நாம் மாறவில்லை. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோவில், தமிழரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றோம். பல முன்னணி நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன எனினும், தங்கம் தங்கமே. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்திய ஆடவர் பெற்ற எட்டாவது தங்கமும், இன்றுவரை இறுதித் தங்கமும் அதுவே.

இரசிகர் இழைத்த பிழை

தேர்வுக் குழுவினரை மட்டும் குறை கூறி, இரசிகராகிய நம்மை நாம் தப்பவிடுதல் நேர்மையாகாது. 1982-ஆம் ஆண்டு புதுதில்லி ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தை நினைவுகூர்க. நம் தலைநகரம், நம் திடல், பிரதமர் இந்திரா காந்தி அரங்கில் வீற்றிருந்தார். பாகிஸ்தான் ஏழு கோல்கள் போட்டது. இந்தியா ஒன்றே போட்டது. அன்று கோல் காத்த மீர் ரஞ்சன் நேகியின்மீது நாடே சினங்கொண்டது. அவர் கையூட்டுப் பெற்றார் என்றும் ஆட்டத்தை விற்றார் என்றும் வாய்க்கு வந்தபடி பேசினர். சான்று எதுவும் இல்லை. எனினும் பேச்சு நிற்கவில்லை.

அப்படிப் பேசியவர்களுள் நானும் ஒருவன் என்பதை இம்மலரில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஒப்புக்கொள்ளாதிருப்பதே வெட்கம். ஏழு கோல்கள் விழுந்தன என்றால், பந்து கோல் காப்பாளரைச் சென்றடையும் முன்னர் எத்தனை பேரைக் கடந்து வந்திருக்க வேண்டும்! அவர்களுள் ஒருவரையேனும் நாம் ஏசினோமா? பின்வரிசையில் தனித்து நிற்பவன்மீது பழியைச் சுமத்துவது எளிது, ஆதலின் சுமத்தினோம். நேகி ஆட்டக்காரராக மீண்டும் தலையெடுக்க முடியவில்லை. 1960-இல் ஒரு கோல் காப்பாளருக்குக் கிட்டிய நம்பிக்கை 1982-இல் மற்றொருவருக்குக் கிட்டவில்லை. அவ்விருவரிடையே இருந்த வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை, நம்மிடத்திலும் இருந்தது.

ஆயினும் காலம் சில சமயங்களில் கடனைத் திருப்பித் தருவதுண்டு. அது பதினாறு ஆண்டுகள் கழித்து, லட்சுமணன் தங்கம் வென்ற அதே பாங்காக் நகரில் நிகழ்ந்தது. அதனைச் சொல்லும் முன்னர், நம்மைப்போன்ற மற்றொரு காலனிக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது.

கட்கிக் காலனியின் பிள்ளை

பூனா நகரை அடுத்தது கட்கி. ஆங்கிலேயர் ஆட்சியில் கிர்க்கி என வழங்கிய இராணுவக் குடியிருப்பு. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை உண்டு; அதன் தொழிலாளர் வாழும் காலனியும் உண்டு. அக்காலனித் திடலைப் பேணும் பணியில் இருந்தவர் நாகலிங்கம் பிள்ளை என்னும் தமிழர். அவர் மனைவி ஆண்டாளம்மா. இவர்களுடைய பிள்ளைகளுள் ஒருவரே, 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள் பிறந்த தன்ராஜ் பிள்ளை.

ஐந்து ஆண்மக்கள், வருவாயோ குறைவு. புதிய மட்டை வாங்கக் காசு ஏது? பிறர் வீசியெறிந்த உடைந்த மட்டைகளை ஒட்டுப்போட்டுக் கொண்டும், தேய்ந்த பந்துகளைப் பொறுக்கிக் கொண்டும், அச்சகோதரர்கள் காலனியின் மண் தரையிலேயே ஆட்டத்தைக் கற்றனர். முகம்மது ஷாகித் என்னும் மாபெரும் ஆட்டக்காரரின் நடையைப் பார்த்துப் பார்த்துத் தன்ராஜ் பழகினார். "ஆடாதே, படி" என்று சொல்லாமல், வறுமையிலும் மக்கள் ஐவரையும் ஆட அனுப்பியவர் அந்த அன்னை. பின்னாளில் ஆங்கிலத்தில் வெளிவந்த தன்ராஜின் வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலேயே "அம்மா" என்ற நம் தமிழ்ச்சொல் அமைந்திருப்பது பொருத்தமே.

பம்பாய்க்குச் சென்று அங்குள்ள அணிகளில் ஆடிய தன்ராஜ், 1989-ஆம் ஆண்டு இந்திய அணியில் இடம்பெற்றார். பின்னர் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் டிராபி ஆகியவற்றில் ஆடினார். 339 ஆட்டங்களில் இந்தியாவுக்காகக் களமிறங்கியவர் எனக் கணக்கிடுவர். விரிந்த தலைமயிர் காற்றில் அலைய, பந்தைத் தள்ளிக்கொண்டு அவர் வலப்புறமாக ஓடும் காட்சியைக் கண்டவர் எளிதில் மறவார். சினமும் கண்ணீரும் அவருக்கு விரைவில் வரும். அணியினருக்கு உரியது கிடைக்கவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவும் அவருக்கு இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்களில் தரப்படும் படி மிகக் குறைவு என்றும், ஆட்டக்காரருக்கு ஊதியம் தரப்படவில்லை என்றும் அவர் பேசினார். இப்பேச்சைக் கருத்தில் கொள்க. இதன் விளைவு பின்னர் வரும்.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்

1998-ஆம் ஆண்டு இந்திய ஹாக்கிக்கு நல்ல ஆண்டாகத் தொடங்கவில்லை. உட்ரெக்ட் நகரில் நடந்த உலகக் கோப்பையில் ஒன்பதாம் இடம். கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் நான்காம் இடம். ஆகவே டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுக்குத் தன்ராஜ் தலைமையில் சென்ற அணியிடம் எவரும் தங்கத்தை எதிர்பார்க்கவில்லை. பயிற்சியாளர், மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மகாராஜ் கிருஷண் கௌசிக். கோல் காப்பாளருக்குப் பயிற்சி அளித்தவர் யார்? 1982-இல் நாமெல்லாரும் ஏசிய அதே மீர் ரஞ்சன் நேகி!

இறுதியாட்டம் தென் கொரியாவுடன். உரிய நேரத்தில் இரு அணிகளும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தன. முடிவு பெனால்டி ஸ்ட்ரோக்குகளுக்குச் சென்றது. அங்கே கோல் காப்பாளர் ஆஷிஷ் பல்லால் இரண்டு ஸ்ட்ரோக்குகளைத் தடுத்தார். இந்தியா 4-2 என வென்றது. 1966-க்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் கிடைத்தது. இரு வெற்றிகளும் பாங்காக்கிலேயே. நேகியின் உள்ளத்தில் அன்று என்ன ஓடியிருக்கும் என்பதை ஊகிக்கலாமேயன்றி எழுத இயலாது.

அது மார்கழி மாதம். மறுநாள் விடியற்காலையில் நம் காலனிப் பஜனை மடத்தில் திருப்பாவை பாடி முடிந்தபின், வெண்பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டே அன்பர்கள் செய்தித்தாளைச் சுற்றி நின்றனர். "கட்கிக் காலனித் தமிழ்ப் பையன்!" என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தன்ராஜுக்கு அப்பொழுது வயது முப்பது; ஆனால் அவருக்கு அவர் பையன்தான். சென்னையைச் சேர்ந்த முகம்மது ரியாசும் அணியில் இருந்ததால் தமிழர் மகிழ்ச்சி இரட்டிப்பாயிற்று. அன்று மாலை, நெடுநாள் கிரிக்கெட்டுக்கு விட்டுக்கொடுத்திருந்த திடலில் சிறுவர்கள் ஹாக்கி மட்டைகளோடு இறங்கினர். என் மகன் பன்னிரண்டு வயதினன், அவனும் இறங்கினான்.

ஒரு பெயர்ப்பட்டியல்

1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாகிஸ்தானுடன் ஒன்பது ஆட்டங்கள் கொண்ட ஒரு தொடர் நடைபெறவிருந்தது. அதற்கான அணி அறிவிக்கப்பட்டது. அதில் தன்ராஜ் பிள்ளையின் பெயர் இல்லை. இரண்டு ஸ்ட்ரோக்குகளைத் தடுத்த ஆஷிஷ் பல்லாலின் பெயர் இல்லை. தங்கம் வென்ற மூத்த ஆட்டக்காரர் மேலும் சிலருடைய பெயர்களும் இல்லை. பயிற்சியாளர் கௌசிக்கும் நீக்கப்பட்டார். மூத்தவர்களுக்கு ஓய்வு தரப்பட்டுள்ளது என்பது இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் விளக்கம். உரிமையைக் கேட்டதற்குக் கிடைத்த தண்டனையே இது என்பது நாடெங்கும் எழுந்த பேச்சு.

அன்றைய பட்டிமன்றத்தை நான் மறக்கவில்லை. பால் நிலையத்து வரிசையில் தொடங்கிய வாதம் மாலையில் சங்கத் திண்ணைவரை நீண்டது. ஒரு சாரார், "எந்த அணியும் நிலையானதன்று. இளைஞருக்கு வழிவிட வேண்டாமா? உரோமுக்குப் பின் புதியவர்களைச் சேர்த்ததால்தானே டோக்கியோவில் வென்றோம்?" என்றனர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அணியைப் புதுப்பிப்பது தேர்வுக் குழுவின் கடமையே. மற்றொரு சாரார், "வழிவிடச் சொல்வது வேறு; வாயிலை அடைப்பது வேறு. புதியவர் பழையவரோடு சேர்ந்து ஆடிக் கற்க வேண்டும். எல்லாரையும் ஒரே நாளில் நீக்கினால் யாரிடம் கற்பது?" என்றனர். இரு சாராரும் பேசி ஓய்ந்தபின், முதலில் சொன்ன அப்பெரியவர் மெல்லக் கேட்டார்: "தோற்றவர்களை நீக்கினால் காரணம் விளங்குகிறது. வென்றவர்களை நீக்கினால், நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?"

அக்கேள்விக்கு அன்று எவரும் விடை கூறவில்லை. நான் விடை கூறாதது மட்டுமன்று. தவறான விடையைச் செயலில் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என் மகனிடம், "தங்கம் வென்றவனுக்கே இந்தக் கதி. மட்டையைப் பரணில் போட்டுவிட்டுப் படி" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை, அப்படியே செய்தான். நன்கு படித்தான், நல்ல வேலையிலும் இருக்கிறான். எனினும், கட்கியில் ஆண்டாளம்மா செய்ததற்கு நேர் எதிரானதை நான் செய்தேன் என்னும் எண்ணம் என்னை விட்டு நீங்கியதில்லை. அவ்வன்னைக்கு இல்லாத வசதி எனக்கிருந்தது. அவ்வன்னைக்கிருந்த உறுதி எனக்கில்லை. அவ்வாண்டு எத்தனை காலனிகளில் எத்தனை மட்டைகள் பரணேறினவோ!

அதன்பின் நிகழ்ந்தவை

பாகிஸ்தானுடன் நடந்த தொடரில் இந்தியா தோற்றது. தன்ராஜ் பின்னர் அணிக்குத் திரும்பினார். கேல்ரத்னா விருதும் பெற்றார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அணியின் பயிற்சியாளர் நம் வாசுதேவன் பாஸ்கரன். ரியாசும் தன்ராஜும் ஆடினர். அரையிறுதிக்குச் செல்லப் போலந்தை வெல்ல வேண்டியிருந்தது. முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் ஒரு கோலை விட்டுக்கொடுத்து, 1-1 எனச் சமன் செய்து, வெளியேறியது. ஏழாம் இடம். கையெட்டும் தொலைவில் வந்தது வாய்க்கு எட்டவில்லை.

2003-ஆம் ஆண்டு கோலாலம்பூரில், தன்ராஜ் தலைமையில், இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 4-2 என வீழ்த்தி இந்தியா முதன்முறையாக ஆசியக் கோப்பையை வென்றது. இம்முறையேனும் வென்ற அணி நிலைபெற்றதா? 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில் பயிற்சியாளர் மாற்றப்பட்டார். தன்ராஜை அழைத்துச் செல்வதா வேண்டாமா என்ற வாதம் இறுதிவரை நீடித்தது. அழைத்துச் சென்றனர், அவ்வொலிம்பிக்கோடு அவர் சர்வதேச ஆட்டமும் முடிந்தது. அணிக்கு மீண்டும் ஏழாம் இடமே.

2008-ஆம் ஆண்டு மார்ச்சில், சிலி நாட்டுச் சாண்டியாகோவில் நடந்த தகுதிப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிரிட்டனிடம் 0-2 எனத் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் செல்லும் வாய்ப்பையே இந்தியா இழந்தது. 1928 முதல் எண்பது ஆண்டுகளில் அதுவே முதன்முறை. அவ்வாண்டே பழைய கூட்டமைப்பு இடைநிறுத்தம் செய்யப்பட்டது. பின்னர் ஹாக்கி இந்தியா என்னும் புதிய அமைப்பு தோன்றியது. ஒரு நாள் தோல்வி அன்று அது. வென்ற நாள்களுக்கு மறுநாள் செய்த பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வட்டியும் முதலுமாய் நின்ற நாள்.

மீண்டும் ஒரு கோல் காப்பாளர்

இக்கட்டுரை கோல் காப்பாளர்களையே சுற்றிவருவதைக் கவனித்திருப்பீர்கள். முடிவிலும் ஒரு கோல் காப்பாளரே வருகிறார். 2020-ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடைபெற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியை 5-4 என இந்தியா வென்றது. இறுதி விநாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் கேரளத்தைச் சேர்ந்த பி. ஆர். ஸ்ரீஜேஷ். நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம்! 2024-இல் பாரிசில் ஸ்பெயினை 2-1 என வென்று மீண்டும் வெண்கலம் பெற்றபொழுது, அதுவே தம் கடைசி ஆட்டம் என முன்னரே அறிவித்திருந்த ஸ்ரீஜேஷ் களத்திலேயே விடைபெற்றார்.

இம்முறை மறுநாள் எவ்வாறு அமைந்தது? தேசிய முதுநிலை அணியில் அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் வழங்குவதில்லை என ஹாக்கி இந்தியா அறிவித்தது. இளையோர் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பும் அவரிடமே தரப்பட்டது. மூத்தவர் வழிவிட்டார், இளையவருக்கு வழிகாட்டியும் ஆனார். 1999-ஆம் ஆண்டு நம் சங்கத் திண்ணையில் இரு சாராரும் கேட்டது இதைத்தானே! சங்கர் லட்சுமணனுக்கும் ஆஷிஷ் பல்லாலுக்கும் கிட்டாத ஒன்று ஸ்ரீஜேஷுக்குக் கிட்டியதைக் கண்டு, அவ்விருவருக்காகவும் நான் மகிழ்ந்தேன்.

அன்பர்களே, தேர்வுக் குழுவினரை மாற்றும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் தெருவில் வழங்கப்படும் தீர்ப்பு நம் கையில் உள்ளது. பதக்கம் பெற்ற நாளில் மாலை அணிவிப்பதற்கு ஆள் குறைவில்லை. தோற்ற மறுநாள் ஒருவனை ஏசாதிருப்பதும், பட்டியலில் பெயர் இல்லாத நாளில் அவனை நினைவில் வைத்திருப்பதுமே இரசிகனின் கடமை. அதனினும் பெரிய கடமை ஒன்றுண்டு. நம் வீட்டுப் பிள்ளை மட்டையைக் கையில் எடுத்தால், எங்கோ யாரோ செய்த அநீதியைக் காரணம் காட்டி அதைப் பரணில் ஏற்றாதிருத்தல்.

சென்ற கோடையில் என் மகன் குடும்பத்துடன் வந்திருந்தான். பரணைத் துப்புரவு செய்கையில் அப்பழைய மட்டை அகப்பட்டது. பிடியில் சுற்றியிருந்த துணி மக்கிப்போயிருந்தது. மரம் மட்டும் உறுதியாகவே இருந்தது. ஒன்பது வயதுப் பேத்தி அதனை எடுத்துக்கொண்டு, "தாத்தா, இதை எப்படிப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவள் தந்தை எழுந்து, அவள் கையைப் பிடித்துத் திடலுக்கு அழைத்துச் சென்றான். இப்பொழுது அங்கே மாலை நேரங்களில் ஆறேழு சிறுவர் சிறுமியர் ஆடுகின்றனர். கோல் கம்பங்கள் இரண்டு சாய்ந்து கிடக்கின்றன. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவற்றை நிமிர்த்தி நடும் செலவை நம் சங்கம் ஏற்றல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள்.